இரண்டாம் பாதி கேட்டவர்

எந்த சினிமா குரூப்பிலும் முடிவைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எங்கள் குரூப்பில் முடிவைச் சொல்லாவிட்டால் சார் விடமாட்டார்.

முதலில் நாங்கள் வாட்ஸப்பில் மட்டும்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். முகம் பார்த்துச் சண்டை போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று ஜமால் பாய்தான் ஆரம்பித்து வைத்தார். தென்னூரில் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. மாடியில் பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு வைப்பார். காலை பத்தரை மணிக்குக் கூடுவோம். அந்த வாரம் பார்த்த படம், ஐம்பது வருஷத்துக்கு முந்தைய படம், யார் எதைப் பார்க்கலாம், எதைப் பார்த்துத் தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று பேச்சு போகும். நான் ஒருத்திதான் பெண். பக்கத்துத் தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற வேலை எனக்கு. ஊசியைவிட உன் வாய்தான் அதிகம் குத்துகிறது என்று வீட்டில் சொல்வார்கள். தப்பில்லை.

சார் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கையில் மஞ்சள் துணிப்பை. எல்லோருக்கும் முன்னால் வந்து மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு அடித்ததும் பாதிப் பேச்சில் எழுந்துவிடுவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, குரூப்பிலும் இருந்தது. ஆனால் எங்களுக்கு அவர் சார்தான். இப்போது அவர் ஊரில் இல்லை. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சினிமாவைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளை நாங்கள் ஒரு வாரம் வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "பாட்டுக்கு ஃபாரின் போறான், கதைக்கு மணப்பாறை வரைக்கும்கூடப் போக மாட்டேங்கறான்" என்பார். "ஹீரோ கார்லேர்ந்து இறங்கறதுக்கு எட்டு நிமிஷம். அவன் அம்மா சாகறதுக்கு ஒரு நிமிஷம். என்ன நியாயம் இது?" என்பார். ஆனால் வெறும் நக்கல் பேர்வழி இல்லை அவர். யாருக்கு எந்தப் படம் ஆகும், எது ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஜமால் பாயின் மகன் துபாய்க்குப் போன வாரம், "இந்த வாரம் வந்திருக்கற படத்துக்கு நீங்க போகாதேங்கோ பாய். ஏர்போர்ட்ல ஒரு சீன் வர்றது. ஒரு மாசம் போகட்டும்" என்றார். பாய் கேட்கவில்லை. போனார். பாதியில் வெளியே வந்து பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுததாக அவரே சொன்னார்.

எனக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோன சமயம். மாடியில் யாரும் அதைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பதைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. சார் மட்டும் கிளம்பும்போது என் பக்கம் குனிந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொன்னார். "அதுல ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு வருவா. கடைசி வரைக்கும் கல்யாணம் ஆகாது. ஆனா அவளைப் பாத்து யாரும் பாவம்னு சொல்ல மாட்டா. அந்தக் காலத்துலயே எடுத்துட்டான்மா. பாரு" என்றார். யூடியூபில் தேடிப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். அவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சுபாவம் அப்படி.

பழைய படம் என்றால் கடைசிக் காட்சி வரை அவரே சொல்வார். திரையில் 'வணக்கம்' போட்டபிறகு ஜனங்கள் எந்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள் என்பது வரை சொல்வார். புதுப் படம் என்றால் இடைவேளை வரைதான். அதைச் சொல்லும் அழகே தனி. கதாநாயகியின் வளையல் எத்தனை, மழைக்கு முன்னால் வானம் எப்படி இருந்தது, எல்லாம் வரும். இடைவேளை வந்ததும் நிறுத்தி எங்களைப் பார்ப்பார். "மீதியை நீங்க சொல்லுங்கோ" என்பார்.

சொன்னால் மட்டும் போதாது. கேள்விகள் வரும். கதவைத் திறந்தது யார், என்ன கலர் புடவை, அப்போது விளக்கு எரிந்ததா அணைந்திருந்ததா. பதில் சொன்னதும் அதைத் திருப்பி ஒரு தடவை தனக்கே சொல்லிக்கொள்வார். "அப்போ கதவைத் திறக்கறா. அண்ணன் நிக்கறான். கையில பை. சரி." எங்களுக்கெல்லாம் அது பரீட்சை. "சார் கேப்பாருன்னே நான் இப்பல்லாம் பாப்கார்ன் வாங்குறதில்ல, கவனிச்சுப் பாக்குறேன்" என்பார் ஜமால் பாய். ஒருமுறை அவரே, "அவசரப்பட்டு தியேட்டருக்கு ஓடணுமா சார், நாலு வாரத்துல ஓ.டி.டி.யில வந்துடுதே" என்றார். சார் தலையை ஆட்டினார். "வெள்ளிக்கிழமை வந்த படம் ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சுடணும் பாய். அது எங்காத்துப் பழக்கம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் பரீட்சையில் மாட்டினேன். ஒரு படத்தின் கடைசிக் காட்சியில் கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை. "கடைசியில தூங்கிட்டியாம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் உறைத்துவிட்டது.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு கிடைத்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் தியேட்டரில் பதினொரு மணிக் காட்சிக்குப் போனேன். எனக்கு மூன்று வரிசை முன்னால் சார் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் போய்ப் பேசலாம் என்று இருந்தேன். விளக்கு எரிந்த கணமே அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். திரும்பி வரவே இல்லை. படம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மாடியில், "ரொம்ப நன்னா எடுத்திருக்கான். மீதியை யாராவது சொல்லுங்கோ" என்றார்.

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. இன்னொரு சனிக்கிழமையும் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கும் இடைவேளையில் கிளம்பிவிட்டார். பாதிப் படம் பார்க்கிற மனுஷனா என்னைத் தூங்கினாயா என்று கேட்டார்! வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் அத்தனை பேரையும் இரண்டு வருஷமாக ஏமாற்றியிருக்கிறார் என்றே நினைத்தேன். ஏன் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அடுத்து வந்த படம், தொலைந்துபோன தங்கையைத் தேடி ஒரு லாரிக்காரன் ஊர் ஊராக அலைகிற கதை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பார்த்துவிட்டேன். குரூப்பில் வேறு யாரும் பார்க்கவில்லை என்று விசாரித்தும் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சார் இடைவேளை வரை சொல்லி நிறுத்தினார். மீதியை நான் சொன்னேன். படத்தில் உண்மையில் அந்தத் தங்கை உயிரோடு இருக்கிறாள். ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்து, இரண்டு பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறாள். அண்ணனோடு வரமாட்டேன் என்று சொல்லி, வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். நான் அவளைக் கொன்றுவிட்டேன். அண்ணன் வந்து சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால் காய்ச்சலில் செத்துப்போனாள் என்றேன். சுடுகாட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு அவன் இறங்காமலேயே உட்கார்ந்திருக்கிறான் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப்போயிற்று.

"அப்போ மழை பெய்யறதா?" என்று கேட்டார் சார்.

"பெய்யுது சார். நீங்கதான் பாத்தீங்களே."

"ஆமா ஆமா" என்றார். கண் கலங்கியிருந்தது. "லாரியை நிறுத்தறான். இறங்கலை. மழை. சரி."

ஒரு வாரம் முழுக்க அந்த 'ஆமா ஆமா'வை நினைத்து நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் சந்தோஷப்பட்டது உண்மை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜமால் பாயும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "சார், லாரிக்காரன் படத்துக் கடைசி சீனை இன்னொரு தடவை சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் நல்லா இருக்கும்" என்றேன். அவர் சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். லாரிக் கண்ணாடியில் வைப்பர் அசைவதைக்கூடச் சேர்த்திருந்தார். பாய் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"எந்தப் படம் சார் இது? அந்தத் தங்கச்சிதான் உயிரோட இருக்கே. கட்டுச்சோறுல்ல கட்டிக் குடுக்குது?"

"சார் பாத்த தியேட்டர்ல செத்துட்டா போல பாய்" என்றேன். "இடைவேளையோட கிளம்பிப் போறவங்களுக்குத் தனிக் கிளைமாக்ஸ் போடுறாங்களாம்."

மாடி முழுக்கச் சிரிப்பு. நான் இரண்டு சனிக்கிழமையும் பார்த்ததை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். யாரோ கைகூடத் தட்டினார்கள். சார் கோபப்படுவார், இல்லாவிட்டால் சமாளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அவ சாகலையா?" என்றார்.

"இல்ல சார்."

"நன்னா இருக்காளா? நிச்சயமா?"

"தையல் கடை வெச்சிருக்கா சார். ரெண்டு குழந்தைங்க."

"தையல் கடை. ரெண்டு குழந்தை. கட்டுச்சோறு" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. "நான் கிளம்பறேன். இதை முதல்ல போய்ச் சொல்லணும்" என்றார். யாரிடம் என்று யாருக்கும் புரியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் அந்த மாடிக்கு வந்தது அதுதான் கடைசி.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. குரூப்பில் போட்ட மெசேஜ்களை அவர் பார்க்கவே இல்லை. மூன்றாவது ஞாயிறு ஜமால் பாய் என் கையில் ஒரு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "பெரிய மனுசர் மனச நோகடிச்சுட்டோம்மா. நானும்தான் சிரிச்சேன். போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பின்கட்டுப் போர்ஷன். சார்தான் கதவைத் திறந்தார். கஞ்சி போட்ட சட்டை இல்லை, வேட்டியும் துண்டும்தான். என்னைப் பார்த்ததில் அவருக்குக் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. "வாம்மா, உக்காரு" என்றார். உள் அறையில் இரும்புக் கட்டிலில் அவர் மனைவி படுத்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. பார்வை இல்லை என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. கையில் இன்சுலின் போட்டுப் போட்டுத் தோல் தடித்திருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். சார் கையை அசைத்து நிறுத்திவிட்டார். பிறகு தணிந்த குரலில் அவரே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவார்களாம். சர்க்கரையால் மாமிக்குப் பார்வை போனபிறகு, சனிக்கிழமை அவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஆரம்பித்தார். மாமியைப் பார்த்துக்கொள்ள மல்லிகா என்று ஒரு பெண் வருவாள். ஒரு மணிக்கு அவள் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு முழுசா உக்காந்துட்டேன்மா. மல்லிகா கிளம்பிட்டா. இவ தண்ணி குடிக்க எழுந்திருக்கா. நான் வந்து பாக்கறேன், தரையில கிடக்கா. இடுப்பு எலும்பு போயிடுத்து. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கா. ஆஸ்பத்திரில வெச்சு என்னைக் கேக்கறா, படம் எப்படி இருந்துதுன்னு."

அதன்பிறகு ஒருநாளும் தவறாமல் இடைவேளையோடு எழுந்து வந்துவிடுவாராம். மாமிக்கு அது தெரியாது. இப்போதெல்லாம் படத்தைச் சின்னதாக எடுக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பாதிக் கதை சொல்லிவிட்டு, "இடைவேளை. மீதி நாளைக்கு" என்பாராம். மாமிக்கு அது விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் எங்களிடம் வந்து உட்கார்ந்து மீதியை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். புடவைக் கலர், மழை, விளக்கு எல்லாம் மாமி கேட்கும் கேள்விகள்.

"நீ சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் அந்தத் தங்கைக்காக அழுதா. சாகலைன்னு தெரிஞ்சதும் ஓடி வந்து சொன்னேன். நீங்க பாத்த படம், உங்களுக்கு எப்படித் தப்பாத் தெரிஞ்சுதுன்னு கேட்டா. அதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியலை."

உள்ளிருந்து குரல் வந்தது. தணிந்து பேசினாலும் மாமியின் காதில் எல்லாம் விழுந்திருக்கிறது.

"அந்தக் கதை சொன்ன பொண்ணா? இங்க வாம்மா."

போய்க் கட்டிலோரம் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நன்னாத்தான் சொல்லியிருந்தே. உன் மேல எனக்கு ஒண்ணும் கோபமில்லை. இவர் என்னால ரெண்டு வருஷமா ஒரு படம் முழுசாப் பாக்கலைன்னு நேக்குத் தெரியாமப் போச்சு பாரு, அதான் ஆறலை. நேக்கு இனிமே படம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

நான் அழுதுவிட்டேன். சனிக்கிழமை நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், சார் முழுப் படமும் பார்த்துவிட்டு வரட்டும் என்று கெஞ்சினேன். சார் தலையை ஆட்டினார். "இடைவேளைக்கு மேல உக்காந்தாலே நேக்கு இவ தரையில கிடந்ததுதான் ஞாபகம் வர்றது. வேண்டாம்மா" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு புதுப் படம் பார்த்திருந்தேன். "மாமி, இந்த ஒரு கதையை நான் சொல்லட்டுமா? முழுசா, பொய் கலக்காம?" என்று கேட்டேன்.

மாமி என் கையை விடவில்லை. "இடைவேளை வரைக்கும் சொல்லு" என்றார். "அதுவரைக்கும்தானே இவர் பாப்பார். நேக்கும் அது போறும்."

சொன்னேன். கப்பல் வேலைக்குப் போன புருஷனைப் பற்றிப் பத்து வருஷமாக ஒரு தகவலும் இல்லாத பெண்ணின் கதை. புடவைக் கலரைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன். மாமி கேட்காததையும் சொன்னேன். சார் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து கேட்டார். ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டு போன் அடிக்கிறது. எடுத்துக் காதில் வைக்கிறாள். யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இடைவேளை.

மாமி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சார் எழுந்து போர்வையை இழுத்து விட்டார்.

வாசல் வரை என்னோடு வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டே மெதுவாக, "போன்ல யாருன்னு உங்களுக்கு மட்டும் சொல்லவா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா" என்றார். "அவளுக்குத் தெரியாதது நேக்கு எதுக்கு?"

மாமி அந்த மார்கழியிலேயே போய்விட்டார். போனில் கூப்பிட்டது யார் என்று தெரியாமலேயே போனார்.